தெரியாதவர் ஃபைலைத் திறக்காமல் என் கடை நடக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கரன்கோவிலில் தாலுகா அலுவலகத்துக்குப் போகும் சாலையில் 2010 முதல் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் இப்போது வருமானத்தில் பெரும்பகுதி ஆன்லைன் வேலையில்தான் வருகிறது. பட்டா, வில்லங்கம், ஆதார் பிரின்ட், ஹால் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம், இன்ஷூரன்ஸ் பாலிசி, நடுவில் கல்யாணப் பத்திரிகை, கொடை விழா நோட்டீஸ்.

போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்ததை அழுத்திய ஒருவர் வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை இழந்தார். செய்தியின் அடியில் கட்டம் கட்டி, தெரியாதவர்களிடமிருந்து வரும் ஃபைல்களைத் திறக்காதீர்கள் என்று அறிவுரையும் கொடுத்திருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

நேற்று எண்ணிப் பார்த்தேன். காலை 9.30க்குக் கடை திறந்ததிலிருந்து மதியம் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கும் வரை 41 ஃபைல்களைத் திறந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் 26, மெயிலில் 9, பென் டிரைவில் 6. கொண்டுவந்தவர்களில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மற்றவர்கள் யார், அந்த ஃபைல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது, அந்தப் பென் டிரைவ் அதற்கு முன் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் செருகப்பட்டது, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாதவர் ஃபைலைத் திறக்க மாட்டேன் என்று நான் முடிவெடுத்தால் அன்றைக்கே கடையைப் பூட்ட வேண்டியதுதான். எனக்கு மட்டும் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் பயோடேட்டாவைத் திறப்பவர், பத்திரம் எழுதுபவர், ஆடிட்டர் அலுவலகத்தில் பில்களைப் பார்ப்பவர், பள்ளியில் சேர்க்கை வேலை பார்ப்பவர் என்று எல்லோருக்கும் தெரியாதவர் அனுப்பியதைத் திறப்பதே பிழைப்பு.

உங்கள் செய்தியில் வந்த பத்திரிகை உண்மையில் ஏபிகே என்று முடியும் ஓர் ஆண்ட்ராய்டு செயலி. அழுத்தி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால் போனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை எடுத்துக்கொள்ளும். அதை அழுத்தாதே என்பது சரியான அறிவுரைதான். ஆனால் படிக்கிறவர்கள் இதிலிருந்து இன்னொரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். செய்தி வந்த அன்றே ஒரு பெரியவர் போனை நீட்டி, "இது ஏபிகே இல்லம்மா, பிடிஎஃப்தான். சும்மா பார்க்கத்தானே போறோம், என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். பார்க்கத்தானே போகிறோம் என்றுதான் நானும் ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016ஆம் ஆண்டு, ஆடி மாதம். கொடை விழாக் காலம் என்பதால் ராத்திரி 11 மணி வரை கடை ஓடும். பக்கத்துக் கிராமம் ஒன்றுக்காக 312 குடும்பத்தின் பெயரும் வரித்தொகையும் கொண்ட பட்டியலை மூன்று ராத்திரி உட்கார்ந்து அடித்து வைத்திருந்தேன். அன்று காலை கடையின் மெயிலுக்கு ஒன்று வந்தது. இரண்டு காப்பி கலர் பிரின்ட் வேண்டும், பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு வரி, கூடவே ஒரு பிடிஎஃப். தினமும் இப்படிப் பத்து மெயில் வரும். திறந்தேன். வெள்ளைப் பக்கம் ஒன்று ஒரு நொடி தெரிந்தது. பிடிஎஃப்பைத் திறந்து காட்டும் ரீடர் என்ற மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. ஃபைல் பெரிதாக இருக்கும் போல என்று நினைத்து மறுபடியும் திறந்தேன். மறுபடியும் மூடிக்கொண்டது. சரி, ஆள் வரும்போது வேறு ஃபைல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மதியம் வருவதற்குள் கம்ப்யூட்டரில் இருந்த எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஒன்றாக ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு கிடந்தது. பிட்காயினில் பணம் கட்டினால் ஃபைல்களைத் திருப்பித் தருவார்களாம். பிட்காயின் என்ற சொல்லையே அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். கொடை வரிப் பட்டியல் போய்விட்டது. ஒரு பெண் பிள்ளைக்கு நான் முந்தின நாள் ஸ்கேன் செய்து, போட்டோவும் கையெழுத்தும் அளவு வெட்டி வைத்திருந்ததும் போய்விட்டது. அவளுக்கு விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். மார்க் ஷீட்டெல்லாம் வீட்டில் இருந்தது. இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, ராத்திரி ஒன்பதரைக்கு இன்னொரு கடையில் போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

திருநெல்வேலியிலிருந்து வந்த சர்வீஸ் தம்பி அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இதைக் கடைசியா எப்போ அப்டேட் பண்ணீங்க?" என்று ரீடரைக் காட்டிக் கேட்டார். நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. 2010இல் கம்ப்யூட்டர் வாங்கியபோது போட்டுக் கொடுத்ததே கிடந்தது. அந்த வெர்ஷனுக்கு அப்டேட் தருவதைத் தயாரித்தவர்களே மூன்று வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள் என்று அவர் சொன்னார். நூற்றுக்கு நூறு இந்த பிடிஎஃப்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நேரமும், ரீடர் இரண்டு தடவை தானாக மூடிக்கொண்டதும், அதன் பழைய வெர்ஷனும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றார். மூலையில் அப்டேட் கேட்டு வந்த சின்னக் கட்டத்தை, "பிறகு நினைவூட்டு" என்று எத்தனை நூறு தடவை அழுத்தி மூடியிருப்பேன் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். முதலில் என் மண்டையில் உறைத்த விஷயம், பிடிஎஃப்பை போட்டோ ஒட்டிய காகிதம் போல நினைத்தது தப்பு என்பது. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்டதிலிருந்து அதற்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எழுத்துரு இருக்கும், பல வகைப் படங்கள் இருக்கும், தானாகக் கூட்டல் போடும் படிவம் இருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி இருக்கும், இன்னொரு ஃபைலையே உள்ளே மடித்து வைக்கலாம். அதாவது நமக்கு வருவது சமைத்த சாப்பாடு இல்லை, சமையல் குறிப்பு. ரீடர்தான் அந்தக் குறிப்பைப் படித்து நம் வீட்டு அடுப்பில் சமைக்கிறது. குறிப்பை எழுதியவன் யாரென்று அதற்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மென்பொருளில் திருடர்கள் நுழையும் ஓட்டை என்றால் என்ன என்பதை எங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். விண்ணப்பத்தில் பெயருக்கு 20 கட்டம் இருக்கிறது. ஒருவர் 35 எழுத்தை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனால், மிச்சம் 15 எழுத்தும் பக்கத்தில் இருக்கிற "அலுவலக உபயோகத்திற்கு மட்டும்" என்ற இடத்தில் போய் விழும். அந்த இடத்தில் இருப்பதெல்லாம் அதிகாரி எழுதியது என்று நம்புகிற எழுத்தர், அங்கே "தொகை வழங்கலாம்" என்று இருந்தால் வழங்கிவிடுவார். கம்ப்யூட்டர் நினைவகத்திலும் இதேதான் நடக்கிறது. ஃபைலில் இருக்கும் படம் தன் அளவைப் பொய்யாகச் சொல்கிறது. ரீடர் அதை நம்பி இடம் ஒதுக்குகிறது. மிச்சம் வழிந்து, கட்டளைகள் இருக்கும் இடத்தில் விழுகிறது. இருபது கட்டத்தோடு நிறுத்து என்று சரிபார்க்கும் ஒரு வரியை நிரலாளர் எங்கோ விட்டிருப்பார். ஆயிரம் வகை ஃபைலைப் படிக்கிற மென்பொருளில் இப்படி விட்டுப்போன வரிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். அப்டேட் என்பது விட்டுப்போன வரியைப் போய்ச் சேர்ப்பது.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது ஜேபிக்2 என்ற ஒன்று. நாங்கள் தினமும் செய்கிற வேலை, கேபி குறைப்பது. 200 கேபிக்குள் வேண்டும் என்று இணையதளம் கேட்கும். மக்கள் 3 எம்பி ஸ்கேனோடு வந்து, "கேபி குறைச்சுக் குடுங்க" என்பார்கள். கறுப்பு வெள்ளை ஸ்கேன் பக்கங்களைச் சுருக்குவதற்கென்றே உண்டாக்கிய முறைதான் ஜேபிக்2. ஒரு பத்திரத்தின் பக்கத்தில் ‘க’ 80 இடத்தில் வந்தால், ‘க’வின் உருவத்தை ஒரே ஒரு தடவை வைத்துக்கொண்டு, எங்கெங்கே அச்சிட வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொள்ளும். 2001இல் இது பிடிஎஃப்புக்குள் வந்தது. (பத்திரம் ஸ்கேன் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2013இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் நிறுவன இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6 என்ற எண் 8 ஆக மாறிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரே மாதிரி இருக்கிறது என்று எண்ணி இது தவறான உருவத்தை ஒட்டிவிட்டதுதான் காரணம். அது திருட்டு விவகாரம் இல்லை, ஆனாலும் சர்வே எண்ணை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.)

2009இல் அடோபி ரீடர் இந்த ஜேபிக்2 படங்களைப் படிக்கும் இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பிப்ரவரி 19ஆம் தேதி அடோபி எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே திருடர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அடைக்கும் அப்டேட் மார்ச் 10ஆம் தேதிதான் வந்தது. இடையில் 19 நாள். அந்த ஓட்டையைப் பயன்படுத்த, ஃபைலை இரண்டு தடவை தட்டித் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. விண்டோஸில் ஃபோல்டரைத் திறந்து அந்த ஃபைலை ஒரு தடவை தேர்ந்தெடுத்தாலே போதும் என்று அப்போதே செய்து காட்டினார்கள். ஃபைலின் விவரத்தையும் சின்னப் படத்தையும் காட்டுவதற்காக விண்டோஸ் பின்னணியில் அதைப் படிக்கத்தானே செய்கிறது. பென் டிரைவைச் செருகி, படங்களாகப் பரப்பிப் பார்த்து, "இதுவா தம்பி, இதுவா" என்று கேட்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள்.

12 வருடம் கழித்து அதே ஜேபிக்2, இந்தத் தடவை ஐபோனில். 2021இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் போனை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தார்கள். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் அவருடைய போனில் ஏறியிருந்தது. ஏறிய வழி, ஜிஐஎஃப் படம் என்று பெயர் வைத்து ஐபோனின் ஐமெசேஜ் என்ற செய்திச் செயலியில் அனுப்பப்பட்ட பிடிஎஃப். அவர் எதையும் அழுத்தவில்லை. செய்தி வந்து சேர்ந்தாலே போன் அதைத் தானாகப் படித்துப் பார்க்கும், அங்கேயே காரியம் முடிந்துவிட்டது. கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து எழுதியதைப் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. 70,000க்கும் மேற்பட்ட படக் கட்டளைகளை அடுக்கி, அந்த ஸ்கேன் சுருக்கும் முறைக்குள்ளேயே கூட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டரையே கட்டியிருந்தார்கள். செப்டம்பர் 7 அன்று ஆப்பிளுக்குத் தகவல் போனது, 13ஆம் தேதி ஐஓஎஸ் 14.8 என்ற அப்டேட் வந்தது. தெரியாதவரிடமிருந்து வந்ததைத் திறக்காதே என்ற அறிவுரையை அந்த மனிதர் முழுசாகக் கடைப்பிடித்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது. அந்தக் கதவை அடைத்தது அப்டேட்தான்.

சங்கரன்கோவில் ஜெராக்ஸ் கடைக்கு பெகாசஸ் எதற்கு வரப்போகிறது என்று கேட்கலாம். வராது. ஆனால் பெரிய இடத்துக்காகக் கண்டுபிடித்த ஓட்டை, அப்டேட் வந்த பிறகு சின்ன இடங்களுக்கு வருகிறது. பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அதிலிருந்து ஓட்டை எங்கே இருந்தது என்று பிடித்துவிடலாம். அதனால் அப்டேட் வெளியான நாளிலிருந்து, அதைப் போடாதவர்களுக்கு ஆபத்து முன்பைவிட அதிகம். என்னைப் போல ஆறு வருடம் போடாதவர்களுக்கு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

வேர்டு ஃபைலும் இதற்கு விலக்கு இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் கணிதச் சமன்பாடு எழுதுவதற்கு ஒரு சின்ன நிரல் இருந்தது. அதில் இருந்தது 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய பிரதி. 17 வருடம் யாரும் தொடவில்லை. 2017 நவம்பரில் அதிலிருந்த ஓட்டையை அடைத்தார்கள், 2018 ஜனவரியில் அந்த நிரலையே எடுத்துவிட்டார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் யாரும் சமன்பாடு எழுத வந்ததில்லை. இருந்தும் அது என் கம்ப்யூட்டரில் இருந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் யாராவது கொண்டுவரும் நோட்டீஸ் ஃபைல் அதைக் கூப்பிட்டிருக்கலாம்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் கடைகளில் அப்டேட் போடுவதில்லை? சோம்பல் என்று உங்கள் வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்துக் காரணங்கள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அது நின்றுவிட்டது. பழைய எழுத்துரு, பழைய டிசைன் எல்லாம் அதில்தான் இருக்கிறது. விண்டோஸை மாற்றினால் அது ஓடுமா என்று பயம். பழைய பிரின்டரின் டிரைவர் புது விண்டோஸுக்குக் கிடைக்காது, கைரேகை வைக்கும் கருவி நின்றுவிடும் என்று பயம். ஒரு அப்டேட்டால் காலை 10 மணிக்குப் பிரின்டர் நின்றால் அன்றைய கூலி போச்சு. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது கம்ப்யூட்டர் நீலத் திரையில் 30 சதவீதம், 31 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அப்புறம் கிராக். காசு கொடுத்து வாங்க வேண்டிய பிடிஎஃப் மென்பொருளை யாரோ கொடுத்த சிடியில் போட்டிருப்பார்கள். அது அப்டேட் ஆனால் திருட்டுப் பிரதி என்று தெரிந்துவிடும் என்பதால், அப்டேட்டே வராதபடி அந்த சிடியே தடுத்துவைத்துவிடும். இந்தக் கடைக்காரர் அப்டேட் போட வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் முடியாது.

இன்னொன்று, ரீடருக்குள்ளேயே ஒரு தடுப்பு இருக்கிறது. 2010 நவம்பரில் வந்த அடோபி ரீடர் பத்தாம் வெர்ஷனிலிருந்து, பிடிஎஃப்பைத் தனி அறையில் பூட்டிவைத்துத் திறப்பது போல ஒரு ஏற்பாடு செய்தார்கள். உள்ளே ஏதாவது வெடித்தாலும் வெளியே பரவாமல் இருப்பதற்காக. 2013இல் அதையும் தாண்டிவிட்டார்கள், அடோபி உடனே அதையும் அடைத்தது. ஆனால் அதை நாமே அணைத்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். டிஜிட்டல் கையெழுத்துப் போடச் செருகும் டோக்கன் என்ற சின்னக் கருவி வேலை செய்யவில்லை என்றால், அமைப்பில் போய் அந்தப் பாதுகாப்பு டிக்கை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு திரும்ப டிக் போட யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பேஜ்மேக்கர் இருக்கும் பழைய மெஷினிலிருந்து நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். அது டிசைனுக்கு மட்டும், வெளிப் பென் டிரைவ் அதில் செருகக் கூடாது என்று ஒட்டியே வைத்திருக்கிறேன். வருகிற ஃபைல் எல்லாம் இன்னொரு மெஷினில் திறக்கிறோம். அதில் பிடிஎஃப்பை முதலில் பிரவுசரில்தான் பார்ப்பது. பிரவுசருக்கு ஓட்டையே வராது என்பதற்காக இல்லை. 2024இல் ஃபயர்பாக்ஸின் பிடிஎஃப் பார்ப்பானில், எழுத்துருவைக் கையாளும் இடத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து, மே மாதம் வந்த 126ஆம் வெர்ஷனில் அடைத்தார்கள். ஆனால் அந்த அப்டேட் என்னைக் கேட்காமலேயே வந்து சேர்ந்தது. அதுதான் எனக்கு வேண்டும். அடோபி ரீடரை ஆதாருக்கும் சான்றிதழ்களுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் டிஜிட்டல் கையெழுத்தில் இருக்கும் கேள்விக்குறியைச் சரிபார்த்துப் பச்சை டிக்காக மாற்ற அது வேண்டியிருக்கிறது. அதில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவைத்திருக்கிறேன், இதுவரை எந்தச் சான்றிதழும் பிரின்ட் ஆகாமல் நிற்கவில்லை. வாடிக்கையாளர் வேலையை ராத்திரி கடை பூட்டுமுன் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் வின்ரார் என்ற மென்பொருள் தானாக அப்டேட் ஆகாது என்பது ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் ஆல்பத்தை அதில் கட்டித்தான் அனுப்புகிறார்கள். 2019இல் அதில் 19 வருடப் பழைய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை இப்போது நானே தளத்துக்குப் போய்ப் பார்த்து மாற்றுகிறேன்.

கடையில் என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைக்கு நான் சொல்லியிருப்பது ஒன்றுதான். ரீடர் தானாக மூடிக்கொண்டால் இரண்டாம் தடவை திறக்காதே, என்னைக் கூப்பிடு. போன மாதம் அப்படி ஒரு தடவை கூப்பிட்டாள். "அக்கா, இது ரெண்டு செகண்ட்ல மூடிக்கிச்சு, கேபிளைப் பிடுங்கிட்டேன்" என்றாள். ஃபைல் சிதைந்ததுதான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் அவளைப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்டேட் என்று சொன்னால் அதிலும் ஏமாற்றுகிறார்கள். ஏதாவது இணையதளம் பார்க்கும்போது நடுவில் குதித்து, உங்கள் பிடிஎஃப் ரீடர் பழசாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள் என்றால் அதை அழுத்தவே கூடாது. அப்டேட்டை அந்த மென்பொருளுக்குள்ளேயே, உதவி என்ற மெனுவில் போய்த்தான் தேட வேண்டும். போனில் என்றால் ப்ளே ஸ்டோரில். அதிலும் கண்ட பிடிஎஃப் ரீடரையும் ஏற்றக் கூடாது. அனட்சா என்ற வங்கித் திருட்டு மென்பொருள், பிடிஎஃப் ரீடர், க்யூஆர் ரீடர் என்ற பெயர்களில் ப்ளே ஸ்டோருக்குள்ளேயே வந்திருக்கிறது. போனில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் டிரைவே பிடிஎஃப்பைத் திறக்கும். வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று அரசு அலுவலகங்களுக்கு, உங்கள் வழியாக. மக்கள் எல்லா ஆவணத்தையும் பிடிஎஃப்பாகத்தான் தர வேண்டும் என்று கேட்கிறீர்கள். வருகிற லட்சக்கணக்கான ஃபைல்களை உங்கள் ஊழியர்கள் எந்தக் கம்ப்யூட்டரில், எந்த வெர்ஷனில் திறக்கிறார்கள் என்று யாராவது பார்க்கிறீர்களா? 2010இல் வெளியான ஒரு கனடிய ஆய்வறிக்கை, இந்திய அரசு அலுவலகங்களிலிருந்தும் தர்மசாலாவில் தலாய் லாமாவின் அலுவலகத்திலிருந்தும் ஆவணங்கள் திருடப்பட்டதைச் சொன்னது. மெயிலில் வந்த பிடிஎஃப், வேர்டு, பவர்பாயின்ட் ஃபைல்கள் வழியாகத்தான் அங்கே நுழைந்தார்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. நான் படியேறிய அலுவலகங்களில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். என் கடையில் போனால் ஒரு கொடை வரிப் பட்டியல் போகும். அங்கே போனால் ஊரின் நிலமும் பெயரும் போகும்.

இரண்டாவது உங்களுக்கு. மத்திய அரசின் செர்ட்-இன் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓட்டைகளைப் பற்றி எச்சரிக்கைகள் வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில், வெர்ஷன் எண்களாக. என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அதைப் படிக்க மாட்டார், நாளிதழைப் படிப்பார். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட்டை வெளியிடுகிறது, அடோபியும் பெரும்பாலும் அதே நாளில்தான். நமக்கு அது ராத்திரி ஆகிவிடும், அதனால் மறுநாள் புதன்கிழமை காலையில் போட்டால் சரியாக இருக்கும். தினமும் ராகு காலம், தங்கம் விலை, பாபநாசம் அணை நீர்மட்டம் எல்லாம் போடுகிறீர்கள். மாதத்தில் அந்த ஒரு புதன்கிழமை மட்டும் அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். இன்று விண்டோஸ், பிடிஎஃப் ரீடர், பிரவுசர் அப்டேட் நாள், கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், இவ்வளவுதான். அவசரமான ஓட்டை ஏதாவது நடுவில் வந்தால் அதன் பெயரைத் தமிழில் ஒரு வரி.

என் கடையில் இதைத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. அந்தப் புதன்கிழமை காலை 9 மணிக்கே கடைக்கு வந்துவிடுவேன். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிறது. 9.45க்கு வரவும். ஜெராக்ஸ் மட்டும் உண்டு." முதல் இரண்டு மாதம் சிலர் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். இப்போது, "இன்னிக்கு அப்டேட்டாம்மா?" என்று கேட்டுவிட்டு, எதிர் டீக்கடை பெஞ்சில் உங்கள் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்கள் கையில் இருக்கும் பக்கத்தில் அந்த இரண்டு வரியும் இருந்தால், நான் தாள் ஒட்ட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
சங்கரன்கோவில்.
(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)